சோபாவுக்கு மருந்தடித்த வருஷம்

போன ஆடி மாதம் தேனியில் ஒரு வீட்டு முன்னறையில் முட்டி போட்டு உட்கார்ந்து, தோல் சோபாவின் அடிவயிற்றில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மூன்று நாளாக வெயிலும் இல்லை, மழை என்று சொல்லும்படியும் ஒன்றும் இல்லை. துணி காயாத சாரல். சோபாவின் கைப்பிடியிலும் தையல் ஓடிய இடங்களிலும் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. அந்த வீட்டம்மா என் தலைக்கு மேலே நின்றுகொண்டு கேட்டார்.

"இதுக்கு ஏதும் மருந்து அடிச்சா போயிருமாம்மா?"

என் சித்தப்பாவிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை இருபத்து மூன்று வருஷமாக நான் கேட்கவே இல்லை என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. எங்கள் வீட்டில் ஒரு சோபா கெட்டுப் போனதால்தான் அவர் ஊரோடு வந்து இருக்காமல் போனாரா என்ற கேள்வி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பதில் தெரியும் என்று எல்லோரும் நம்பியதால் யாரும் கேட்டதில்லை.

தோல் சோபா, தோல் நாற்காலி பராமரிப்பதுதான் இப்போது என் தொழில். இப்போது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேதியியல் படித்துவிட்டு, கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தேன். திராட்சை ஸ்குவாஷ் போட்டேன். காளான் வளர்த்தேன், அது வளரவில்லை. இன்று மற்றவர்கள் வீட்டில் வேண்டாத இடத்தில் வளர்வதைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். என் வயதுக்காரர்களான நீங்கள் சிரிப்பீர்கள். முப்பது தாண்டியதும் புதிதாக ஒன்றைத் தொடங்குகிற தெம்பு குறைந்துவிடும் என்று நாம்தானே பேசிக்கொண்டோம். எனக்குத் தெம்பு குறையவில்லை. முட்டிதான் வலிக்கிறது. இதை உங்களுக்கு எழுதக் காரணம், நம் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு சாமான் இருந்திருக்கும். அதன் தலையில் பெரியவர்கள் ஒரு பழியை ஏற்றி வைத்திருப்பார்கள்.

அந்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு. காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீடு, ஊரைத் தாண்டியதும் திராட்சைத் தோட்டம். அப்பாவும் சித்தப்பாவும் இரண்டே பேர். அவர்களைப் பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியைப் படிக்க வைத்தது அப்பாதான். படித்த தம்பி பெங்களூரில் வேலை பார்த்தார், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார். இதில் அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என்றைக்காவது ஊரோடு வந்து இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒவ்வொரு போனிலும் சொல்வார். அந்தச் சித்திரையில் சித்தப்பா, தைக்குள் வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார். போனை வைத்த மறுநாளே கொத்தனார் வந்தார். மாடியில் ஒரு அறை, கூடவே சித்திக்காக நாற்காலி மாதிரி உட்கார்ந்து போகிற ஒரு கக்கூஸ். ஊருக்கே அது செய்தி.

ஆனி மாதம், பெங்களூருக்குத் தேங்காய் ஏற்றிப்போன லாரி திரும்பி வரும்போது ஒரு சோபாவைக் கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கியது. மூன்று பேர் உட்காரும் நீளம். புளியங்கொட்டை நிறம். அதைப் பார்த்த அப்பாவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சாமான் வந்துவிட்டால் ஆளும் வந்த மாதிரிதான் என்று லாரிக்காரரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். லாரிக்காரர் டீ குடித்துவிட்டு ஆமாம் ஆமாம் என்றார்.

மாடிப்படி திரும்புகிற இடத்தில் சோபா மாட்டிக்கொண்டது. நான்கு பேர் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், ஒருவர் கைவிரலை நசுக்கிக்கொண்டார். கடைசியில் கீழே முன்னறையில், தெற்குச் சுவரோடு சுவராக ஒட்டிப் போட்டார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் குளிக்கிற இடம். இன்றைக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது சோபாவை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான். ஒரு முழம் தள்ளிப் போடுங்கள் என்பதுதான் வாயைத் திறந்ததும் சொல்வது. அன்று அதைச் சொல்ல யாரும் இல்லை.

சோபா வந்தபோது அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் உறை சுற்றியிருந்தது. உறையைப் பிரிக்கக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். தம்பி வந்து பிரிக்கட்டும். அதுவரை யாரும் உட்காரக் கூடாது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் சோபாவைப் பார்த்தபடி பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார்கள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உறையின் மேல் இருக்கும் தூசியைத் துடைப்பது என் வேலை. உறையின் ஓரத்தைத் தூக்கி மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்ப்பது நானாகச் சேர்த்துக்கொண்ட வேலை. புதுச் செருப்புக் கடை வாசனை, அதற்கு அடியில் லேசாக மருத்துவமனை வாசனை. அந்த வாசனை மாறியதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். ஆடிச் சாரல் பிடித்துப் பத்து நாள் ஆனபோது உள்ளேயிருந்து ஈரச் சாக்கு மணந்தது. சொல்லவில்லை. மோந்து பார்த்தது தெரிந்தால் அடி விழும்.

அம்மா ஒருநாள் உறைக்கு உள்ளே வியர்த்திருப்பதைப் பார்த்தார். கண்ணாடி டம்ளரில் வெளியே நீர் கோத்திருக்குமே, அப்படி. பிரித்துப் பார்த்தால் கைப்பிடி முழுக்க வெள்ளைப் பொடி. அப்பா தோட்டத்தில் கொடியை வெட்டிவிடும் கவாத்து வேலையில் இருந்தார். அவர் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று, ஈரத்துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெயை ஊற்றி, என்னையும் சேர்த்துக்கொண்டு தேய்த்தார். தோல்தானே, நம் தோலுக்கு நல்லது அதற்கும் நல்லதுதானே என்பது அவருடைய கணக்கு. சாயங்காலம் அப்பா வந்து பார்த்தபோது சோபா அப்படி ஒரு மினுக்கு மினுக்கியது. அப்பாவே ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, பரவாயில்லையே என்றார். அம்மாவுக்கு அன்று கால் தரையில் இல்லை. மறுபடியும் பிளாஸ்டிக்கைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள்.

எண்ணெயும் ஈரமும் உறையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆவணியில் பிரித்தபோது வெள்ளை மட்டுமல்ல, பச்சையும் வந்திருந்தது.

அடுத்து வெயில். ஆவணிக் கடைசியில் நல்ல வெயில் அடித்த ஒரு நாள், சோபாவை வாசலுக்குத் தூக்கிப் போட்டார்கள். தோட்டத்துக்குப் பழம் வெட்ட வந்த பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். வீட்டில் ஒருத்தரும் உட்காராமல் மரியாதை கொடுத்து வைத்திருந்த அந்தச் சோபாவுக்கு அவர்கள் ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள்.

"என்ன மதினி, மாப்பிள்ளைய வெயில்ல கெடத்திட்டீக. கறுத்துப் போவாகல்ல."

அம்மா சிரிக்காமல், உள்ளே இருந்து இருந்து சளி பிடித்துவிட்டது, அதனால்தான் என்றார். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். சாயங்காலம் உள்ளே கொண்டு வந்தபோது சோபாவின் முதுகு காய்ந்த களிமண் மாதிரி இறுகியிருந்தது. உட்காரும் இடத்தில் ஒரு முடி அளவுக்கு வெடிப்பு. இரண்டு வாரத்தில் அந்த வெடிப்புக்குள்ளிருந்தே வெள்ளை எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் அப்பா அதைக் கையில் எடுத்தார். எங்கள் அப்பாவுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. திராட்சை இலையைக் கொண்டு வந்து நீட்டினால், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன நோய், என்ன மருந்து, எத்தனை நாள் இடைவெளி என்று சொல்லிவிடுவார். அடுத்த ஊரிலிருந்தெல்லாம் இலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அந்த மனிதர் அன்று சோபாவின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, விரலால் வெள்ளையை வழித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இது சாம்பல் நோயி, தாயி. நம்ம கொடியில வருதுல்ல, அதேதான். பூசணம் பூசணந்தான். இலையில இருந்தா என்ன, தோலுல இருந்தா என்ன."

எனக்கு அப்பா சொன்னதில் ஒரு சந்தேகமும் இல்லை. அவரைக் கேட்டுத்தானே ஊரே மருந்தடித்தது.

பிளேடால் கொஞ்சம் சுரண்டிக் காகிதத்தில் மடித்து, என்னை வண்டியில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனார். பூச்சிமருந்துக் கடைக்காரர் அப்பாவைப் பார்த்ததும் நக்கலாகவே தொடங்கினார். ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறவர் என் கடைக்கு வந்து கேட்கிறீர்களே, என்ன விஷயம் என்றார். அப்பா காகிதத்தை நீட்டினார். எந்தப் பந்தலில் என்று அவர் கேட்டதும் அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, தெக்குப் பந்தல் என்று சொன்னார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைக்காரர் கந்தகத் தூளைக் கட்டிக் கொடுத்தார்.

கந்தகத்தைத் துணியில் மூட்டையாகக் கட்டி, கொடிக்குத் தட்டுகிற மாதிரியே சோபா மேல் தட்டினார் அப்பா. மஞ்சள் புகை முன்னறை முழுக்கப் பறந்தது. எங்களுக்கு ஒரு வாரம் சோற்றிலும் தீக்குச்சி வாசனைதான். ஆனால் வெள்ளை அடங்கியது. அப்பா நிமிர்ந்து நடந்தார். புரட்டாசி முழுக்க வீட்டில் நிம்மதி. சித்தப்பாவுக்குப் போன் செய்து, மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, குழாய் வைத்தாயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சோபா பற்றிக் கேட்டால் நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டும் என எனக்கும் அம்மாவுக்கும் சொல்லி வைத்திருந்தார். சித்தப்பா சோபா பற்றிக் கேட்கவே இல்லை. அது அன்று யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

ஐப்பசி மழை வந்தது. சுவர் ஊறியது, பின்னால் குளிக்கிற இடத்துத் தண்ணீரும் சேர்ந்து ஊறியது. நோய் பழையபடி வந்தது. இந்தத் தடவை அப்பா கடைக்குப் போகவில்லை. தனக்குத் தெரிந்ததிலேயே பெரிய மருந்தை எடுத்தார். மயில்துத்தத்தை, அதுதான் காப்பர் சல்பேட், ஒரு வாளியில் கரைத்தார். சுண்ணாம்பை இன்னொரு வாளியில் கரைத்தார். இரண்டையும் மூன்றாவது வாளியில் ஒரே சமயத்தில் ஊற்றி என்னைக் குச்சியால் கலக்கச் சொன்னார். ஆகாய நீலத்தில் தயிர் மாதிரி வந்தது. பக்குவம் பார்க்க அரிவாளை அதற்குள் முக்கி எடுத்தார். இரும்பில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதாது, கொடி கருகிவிடும், படியாவிட்டால் சரி. படியவில்லை. ஒரு சொட்டுக்கூட முறை தவறாமல், கொடிக்கு எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தார். பிறகு ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு, கட்டிய வீட்டுக்குள், மின்விசிறிக்குக் கீழே நின்று சோபாவுக்கு மருந்தடித்தார். இலைக்கு அடியிலும் பட வேண்டும் என்பதுபோலக் குனிந்து அடிப்பக்கத்துக்கும் அடித்தார்.

பூசணம் செத்தது. அதில் அப்பா தோற்கவில்லை. தோல் பதனிடுகிற இடங்களில் முடியை உரிப்பதற்குச் சுண்ணாம்பில்தான் ஊறப்போடுவார்கள் என்பதை நான் பிற்பாடு படித்தேன். பதனிட்ட தோல் அதைத் தாங்காது. கந்தகம் ஈரத்தோடு கிடந்து கிடந்து அமிலமாகி அதை முன்னமே அரித்தும் இருக்கும். ஒரே வாரத்தில் சோபா நீலம் பாரித்து, மரப்பட்டை மாதிரி விறைத்தது. கார்த்திகையில் அழுத்தினால் நொறுங்கியது.

இன்று அதே வெள்ளையை நான் அரை மணி நேரத்தில் எடுக்கிறேன். உறையைக் கழற்று, காற்றாட விடு, வெயில் வேண்டாம். காய்ந்த மெல்லிய துணியால் துடை, தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டில் துணியைத் தொட்டு ஒரு தடவை துடை, மறுபடி காய்ந்த துணி. நன்றாக உலர்ந்த பிறகு தோலுக்கென்று விற்கிற கிரீம் கொஞ்சம். எண்ணெய்ப் பக்கமே போகாதே. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சலிப்பு வருகிறது. இவ்வளவு சின்ன விஷயத்தின் மேலா எங்கள் வீடு இத்தனை வருஷம் சாய்ந்து நின்றது?

தை பிறந்து மூன்றாம் நாள் சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள், இரண்டு பைகளோடு. சோபாவின் மேல் அம்மா புதுப் போர்வை விரித்திருந்தார். அப்பா தோட்டத்தைக் காட்டுகிறேன், மாடியைக் காட்டுகிறேன் என்று தம்பியை வெளியிலேயே வைத்திருந்தார். ஆனால் சித்தி பயணக் களைப்பில் நேராக வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டார். கரகரவென்று ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் சேலையில் நீலப் பொடி. அம்மா ஓடிப்போய்த் தட்டிவிட்டார். சித்தப்பா உள்ளே வந்து போர்வையை விலக்கினார். அப்பா தலையைத் தொங்கப் போட்டு நின்றார். வாயைத் திறக்கப் போகிறார் என்று தெரிந்ததும் அம்மா முந்திக்கொண்டார்.

"எண்ணெயத் தேச்சு நாந்தான் கெடுத்துப்புட்டேன் தம்பி. ஒங்கண்ணன் அதச் சரிபண்ணத்தான் பார்த்தாக."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், நீண்ட நேரம் சோபாவைப் பார்த்தார். "விடுங்க மதினி, சோபாதான" என்றார். அவ்வளவுதான். மூன்று நாள் இருந்தார்கள். போகும்போது இப்போதைக்கு வசதிப்படாது, அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னார். பங்குனியில் வெளிநாடு போய்விட்டார்கள்.

அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தை ஊர் அப்படியே பிடித்துக்கொண்டது. எண்ணெயைத் தேய்த்துக் கொழுந்தனை விரட்டியவள். கல்யாண வீட்டுப் பந்தியில் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட்டால்கூட, ஏத்தா, சோபாவுல தேச்சுறாத என்று யாராவது சொல்வார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மருந்து அடித்த கதை வெளியே போகவே இல்லை. இலை பார்த்து நோய் சொல்கிறவரின் பெயர் கெடக் கூடாது என்று அம்மா அதை வாயிலேயே போட்டு மூடிக்கொண்டார் என்பது எனக்குப் புரியவே பல வருஷம் ஆனது. ஆனால் அவர் காப்பாற்றிக் கொடுத்த பெயரை அப்பா வைத்துக்கொள்ளவில்லை. அந்தத் தைக்குப் பிறகு யார் இலை கொண்டு வந்தாலும், மருந்துக்கடையில் கேளுங்கள் என்று திருப்பி அனுப்பினார். மாடி அறையில் உர மூட்டை ஏறியது.

தேனியில் அந்த வீட்டு வேலையை முடித்துவிட்டு, வாசலில் ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் பெங்களூருக்குத் திரும்பிப் பல வருஷம் ஆகிறது. கல்யாணம், சாவு என்று ஊருக்கு வந்தால் தேனியில் லாட்ஜில் தங்கிவிட்டுப் போவார். அப்பாவும் அவரும் மழை பற்றிப் பேசிக்கொள்வார்கள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"சோபாவால இல்ல தாயி. சோபா லாரி ஏறுறதுக்கு முன்னாடியே வெளிநாட்டு வேலைக்குச் சரின்னு சொல்லிட்டேன்."

"அப்ப எதுக்கு அனுப்புனீக?"

"மாடிக்குத் தளம் போட்டாச்சுன்னு அண்ணன் போன்ல சொல்றாக. வரலன்னு எப்படிச் சொல்லுவேன். ஒரு சாமானை அனுப்பி வச்சா கொஞ்ச நாளைக்குக் கேக்க மாட்டாகன்னு தோணுச்சு. தைக்கு வந்து நேர்ல சொல்லிக்கிடலாம்னுதான் இருந்தேன்."

"வந்தீகளே, சித்தப்பா."

"வந்தேன். வந்து பார்த்தா அது நீலமா நிக்கிது. அண்ணன் குத்தவாளி கணக்கா நிக்கிறாக. எனக்கு நிம்மதியா இருந்துச்சு தாயி. என் வாயால சொல்ல வேண்டியதில்லாமப் போச்சு."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நாள் முழுக்க முட்டி போட்டு வேலை பார்த்தால் வருகிற ஒரு அசதி இருக்கிறதே, அதுதான் வந்தது. முப்பத்திரண்டு வயதில் தன்னை வளர்த்த அண்ணனிடம் ஒரு 'இல்லை' சொல்லத் தெரியாத ஆள். கிடைத்த காரணத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் அதைப் பிடித்துக்கொண்ட நேரத்தில் இங்கே இரண்டு பேர் அதைச் சுமக்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மா வெளியே, அப்பா உள்ளே.

அப்பாவுக்கு இப்போது எழுபது ஆகப் போகிறது. போன மாதம்கூட, தோட்டத்தில் பந்தல் கல்லில் சாய்ந்து நின்றபடி, நான் எதுவும் கேட்காமலேயே, அந்த மருந்தை மட்டும் அடிக்காமல் இருந்திருந்தால் என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வருகிற ஞாயிறு ஊருக்குப் போகிறேன். காலையில் பத்து மணிக்குக் கூப்பிடுவேன், எனக்குச் சொன்னதை நீங்களே சொல்ல வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எடுக்காவிட்டால் நான் சொல்வேன், ஆனால் அது அவர் சொன்ன மாதிரி ஆகாது. அப்பா தாங்குவாரா, இத்தனை வருஷம் கழித்து இது எதற்கு என்று கேட்பாரா, தெரியாது. தம்பி வரவே நினைக்கவில்லை என்பது, தான் கெடுத்தேன் என்பதைவிட அவருக்குப் பெரிய வலியாகவும் இருக்கலாம். அதையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். போனை அப்பா கையில் கொடுக்கப் போவதில்லை. நடுவீட்டில் வைத்து ஸ்பீக்கரில் போடப் போகிறேன். அம்மாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு, அடுப்பை அணைக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் நம்பரை அழுத்துவேன்.